பங்கு பிரித்த தொங்கு விளக்கு

பழம்பொருள் வியாபாரத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டு வார்த்தையோடு நான் ஒருநாளும் நிறுத்தியதில்லை. ஆகையால் தேத்தண்ணியை இப்போதே குடித்துவிடுங்கள், பிறகு ஆறிப்போய்விட்டதென்று என்னைக் குறை சொல்லக் கூடாது.

பழைய கண்ணாடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. அடியைத் தடவிப் பாருங்கள், சூளையில் பிடித்த கம்பியிலிருந்து முறித்தெடுத்த தழும்பு தட்டுப்பட்டால் அது ஊதிச் செய்தது. பக்கத்தில் மயிரிழை போல ஒரு கோடு ஓடினால் அச்சில் அழுத்திச் செய்தது. கையால் பட்டை தீட்டியதன் விளிம்பு விரலை உறுத்தும். அச்சில் வந்ததன் விளிம்பு பாவித்த சவர்க்காரக் கட்டி போல வழுக்கும். இதையெல்லாம் நீங்கள் படித்துவிட்டே வந்திருக்கிறீர்கள், என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். ஆனால் நான் பார்த்த அளவில், இந்தத் தொழிலில் கையால் கண்ணாடியை உடைத்தவர்களை விட வாயால் வியாபாரத்தை உடைத்தவர்கள்தான் அதிகம். நான் சொல்ல வந்தது அந்த வாயைப் பற்றி.

யாழ்ப்பாணத்துக் கடையொன்றுக்காகத் தீவுப் பகுதி முழுக்கச் சுற்றித் திரிந்து பழைய கண்ணாடிச் சாமான் வாங்கியவன் நான். தீவாருக்குக் கண்ணாடி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அவர்களில் பாதிப் பேர் தெற்கிலும் மலைநாட்டிலும் கடை வைத்திருந்தவர்கள். தோட்டத்துத் துரைமார் தங்கள் ஊருக்குப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலத்தில் போட்டார்கள். நம்மவர்கள் ஏலத்தில் எடுத்து, வைக்கோலுக்குள் புதைத்து, ரயில் ஏற்றி, வள்ளம் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து அலுமாரிக்குள் பூட்டி வைத்தார்கள். பாவிக்கவில்லை. கலியாண வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துப் பெருமூச்சு விட்டால் போதும், அதுதான் பாவனை.

ஒரு சின்னக் கதை முதலில். நெடுந்தீவில் ஒரு வீட்டில் பச்சைக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை எடுத்து வைத்தார்கள். நல்ல கண்ணாடியைச் சுண்டினால் ஒலி இழுத்துக்கொண்டு போகும் என்று உங்களுக்குத் தெரியும். நானும் என் பாட்டில் நகத்தால் சுண்டினேன், திருப்பி வைத்துச் சுண்டினேன், காதோடு வைத்துச் சுண்டினேன். வீட்டுக்கார அம்மா பேசாமல் எழும்பிக் குசினிக்குள் போய் ஒரு தட்டு நிறையச் சோறும் திருக்கைக் கறியும் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"தம்பி, பசியெண்டா வாயைத் திறந்து கேக்கிறதுதானே. ஏன் கோப்பையைத் தட்டுறீர்?"

நான் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன். கிண்ணமும் கிடைத்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் கேட்காமல் சுண்டியதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்கு அடுத்த வருடம். பழைய தொங்கு விளக்கு ஒன்று இருக்கிறது, வந்து பார்க்கவும் என்று புளியங்கூடலிலிருந்து கடைக்குச் செய்தி வந்தது. பஸ் ஏறிப் போனேன். முற்றத்து வேம்பின் கீழே சாய்மனைக் கதிரையில் ஒருவர் இருந்தார். வணக்கம் சொன்னேன், தலையை மட்டும் ஆட்டினார். அவர் கந்தையா அண்ணை. உள்ளேயிருந்து வந்து என்னை வரவேற்றது அவருடைய மனைவி அன்னலட்சுமி அக்கா. ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த, கலகலப்பான மனுசி.

அலுமாரியைத் திறந்து துணியில் சுற்றி வைத்திருந்த பொருளை எடுத்தார். சிவப்புக் கண்ணாடிக் கிண்ணம், நடுத்தரப் பூசணிக்காய் அளவு. பார்வைக்கு வெகு அழகு.

"மற்றது எங்கை அக்கா?"

"மற்றதெண்டா?"

"விளக்கெண்டாப் பித்தளை வளையம் இருக்கும், சங்கிலி இருக்கும், சுத்திவரக் கண்ணாடித் தொங்கல் இருக்கும். இது கிண்ணம் மட்டுமெல்லோ."

"அது தங்கச்சியின்ரை பங்கு," என்றார், சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்று சொல்வதைப் போல.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கிணற்றில் எட்டில் ஒரு பங்கு, ஒரு காணியில் தென்கிழக்கு மூலைப் பனைகள், வாய்க்காலில் பாதி என்று பெண்பிள்ளைகளுக்குச் சீதன உறுதிப் பத்திரம் எழுதுகிற ஊர் அது. இவர்களுடைய அப்பருக்கு இரண்டு பெண்கள், ஒரு விளக்கு. காணியைப் பிரித்த கையோடு விளக்கையும் பிரித்துப் பாதிப் பாதி என்று எழுதிவிட்டார். மூத்தவருக்குக் கிண்ணம், இளையவருக்கு வளையமும் சங்கிலியும் தொங்கல்களும். கிணறு பங்கென்றால் முறை வைத்து இறைக்கலாம். விளக்கு பங்கென்றால் என்ன செய்வது? இரண்டு வீட்டிலும் மண்ணெண்ணெய் லாம்புதான் எரிந்தது.

"தங்கச்சியிட்டைக் கேட்டீங்களோ?"

"நாங்கள் கதைக்கிறேல்லை."

"எவ்வளவு காலமாய்?"

"அப்பரின்ரை அந்தியேட்டிச் சடங்கு துவக்கம்," என்றார். பிறகு வேம்பின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இவர் தெற்கிலை புடவைக் கடை வைச்சிருந்தவர். அந்த ஆடியிலை எல்லாம் எரிஞ்சுபோச்சு. இஞ்சை வந்த நாள் துவக்கம் இந்த மனிசன் வாய் திறக்கிறேல்லை. சோறு வைச்சாச் சாப்பிடும், பாய் போட்டாப் படுக்கும். ஊர்காவற்றுறையிலை துறையடிக்குக் கிட்ட ஒரு அறை வாடகைக்குக் கிடக்கு. தை பிறக்க முதல் எடுக்காட்டில் வேறை ஆள் எடுத்துப்போடும். சின்னதாய் ஒரு புடவைக் கடை போட்டு அதுக்குள்ளை இவரைக் கொண்டுபோய் இருத்திவிட்டனெண்டா எழும்பிடுவார். நகை நட்டெல்லாம் கடையோடை போச்சு. இனி இந்த விளக்குத்தான்."

கொழும்பில் பழைய விளக்குகளைச் சேர்க்கும் ஓர் அம்மையார் எங்களிடம் வாடிக்கையாக வாங்குவார். நல்ல தொங்கு விளக்கு ஒன்று வேண்டுமென்று கேட்டிருந்தார். ஆனால் முழு விளக்குத்தான் வேண்டும், துண்டு துணுக்கு வேண்டாம்.

கிண்ணத்தை வாசலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். பக்கத்தில் மயிரிழைக் கோடு. பூ வேலைப்பாடெல்லாம் விரலுக்கு வழுக்கியது. சிவப்பும் கண்ணாடியோடு கலந்த சிவப்பில்லை, மேலே பூசிச் சூளையில் வைத்த சிவப்பு. துடைத்துத் துடைத்து வாய் விளிம்பில் வெளிறியிருந்தது. கெட்ட சாமானில்லை, ஆனால் அந்தக் காலத்தில் ஆயிரக் கணக்கில் வந்து இறங்கிய சாமான். அன்னலட்சுமி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். மற்றப் பாதியைப் பார்க்காமல் இந்தப் பாதியைப் பற்றி ஏன் பேச வேண்டும்? நல்ல விளக்குகளிலும் எளிமையான கிண்ணம் இருப்பதுண்டு. பிள்ளைகள், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அரைவாசிச் சாமானைப் பார்த்துவிட்டு முழுக் கருத்துச் சொல்லக் கூடாது.

"தங்கச்சியின்ரை வீடு எங்கை?" என்று மட்டும் கேட்டேன்.

புங்குடுதீவில், மடத்துவெளியில். அடுத்த நாளே போனேன். இளையவர் செல்வராணி அக்காவின் கணவர் கப்பலில் வேலை, வீட்டில் ஒரு குறையுமில்லை. விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அவவுக்கு இப்பதான் என்ரை ஞாபகம் வந்ததோ? நல்ல பங்கை அவ எடுத்துக்கொண்டு எனக்கு விட்டது என்ன? கொஞ்சம் தொங்குற மணியள். மாட்டுக் கழுத்திலை கட்டவோ?"

பிஸ்கட் ரின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு தொங்கலும் கடதாசியில் தனித்தனியாகச் சுற்றியிருந்தது. வெறுப்பாகப் பேசுகிறவர் இவ்வளவு பக்குவமாகச் சுற்றி வைக்க மாட்டார் என்று அப்போதே நினைத்தேன். ஒன்றைப் பிரித்து யன்னலடியில் பிடித்தேன். எதிர்ச் சுவரில் சிவப்பும் நீலமும் பச்சையுமாகச் சிதறி விழுந்தது. விளிம்பு விரலை உறுத்தியது. கண்ணாடி அளவுக்கு மீறிய பாரம், ஈயம் சேர்த்து உருக்கிய கண்ணாடி. ஒவ்வொரு பட்டையும் ஒருவன் சக்கரத்தில் பிடித்துத் தீட்டியது. திரும்பக் கடதாசியில் சுற்ற மனமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அது வியாபாரிக்கு அழகில்லை, ஆனாலும் நின்றேன்.

இங்கேயும் வாய் திறக்கவில்லை. "விக்கிறதுக்குச் சம்மதமோ அக்கா?" என்றேன்.

"விக்கிறதெண்டா முதலிலை ரெண்டு பங்கையும் கூட்டிப் பாக்கவேணும். என்ரை வீட்டிலை, என்ரை கண்ணுக்கு முன்னாலை. ஆரின்ரை பங்கு கூடப் பெறுமதி எண்டு நீர் எங்கள் ரெண்டு பேருக்கும் முன்னாலை வாய் திறந்து சொல்லவேணும். அப்பர் ஆரை ஏமாத்தினவரெண்டு எனக்குத் தெரியவேணும். அதுக்குப் பிறகுதான் விக்கிற கதை."

நான் திரும்பிப் போய் அன்னலட்சுமி அக்காவிடம் சொன்னேன். தங்கச்சி இவ்வளவு காலமும் என்ன சொல்லித் திரிகிறார் என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நானோ நல்ல பங்கு எடுத்தனான்? தராசிலை போட்டுப் பாக்கச் சொல்லும். பித்தளையும் சங்கிலியும் எல்லாம் அவளுக்கு. என்னட்டைக் கிடக்கிறது ஒரு கோது!"

ஆக, இரண்டு பேரும் தங்களைத்தான் அப்பர் ஏமாற்றினார் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் எல்லாச் சண்டையும் எனக்குத்தான் கூட வேண்டும் என்று வரும். இது எனக்குத்தான் குறைவு என்று இரண்டு பக்கமும் சாதிக்கிற சண்டை. இப்படி ஒரு சண்டையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

குறித்த நாளில் அன்னலட்சுமி அக்கா, கந்தையா அண்ணை, நான் என்று மூன்று பேரும் புளியங்கூடலில் பஸ் ஏறினோம். கிண்ணத்தைக் கந்தையா அண்ணையின் மடியில் வைத்துவிட்டார் அன்னலட்சுமி அக்கா. அவர் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கொண்டக்டர் வந்து, "ஐயா, பூசணிக்காய்க்கும் ரிக்கற் எடுக்கவேணும்," என்றான். பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

மடத்துவெளியில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரே அறையில், எதிரெதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு சகோதரிகளும் என் மூலமாகப் பேசினார்கள்.

"தம்பி, அவவைக் கதிரையிலை இருக்கச் சொல்லும்."

"தம்பி, நான் நிண்டு பழக்கமெண்டு சொல்லும்."

"அத்தானுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவெண்டு கேட்டுச் சொல்லும்."

"சீனி போடுறேல்லையெண்டு சொல்லும். அது அவவுக்குத் தெரியும். மறந்திட்டா போலை."

நான் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி, பந்தாட்டம் பார்க்கிறவன் போல இருந்தேன். மேசையில் தொங்கல்கள், வளையம், சங்கிலி, கிண்ணம். கூரை வளைமரத்தில் கொழுக்கி தயாராக இருந்தது.

"சரி, இப்ப சொல்லும்," என்றார் செல்வராணி அக்கா. "ஆரின்ரை பங்கு பெறுமதி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கந்தையா அண்ணைகூடத் திரும்பிப் பார்த்தார்.

உண்மை எனக்குத் தெரியும். தொங்கல் நூற்றுக்கு நூறு, கிண்ணம் சுமார். அப்படியே சொன்னால், அக்கா தங்கச்சிக்கு முன்னால் தோற்றுப்போவார், அப்பர் தன்னைத்தான் வஞ்சித்தார் என்று சாகும்வரை நம்புவார், விளக்கு விலைப்படாது, துறையடி அறை வேறு ஆளுக்குப் போகும். இரண்டும் ஒன்றுதான் என்று மழுப்பினால், கொழும்பு அம்மையார் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிப்பார். பிறகு நான் பொய்யன், அவர்களுக்கும் விளக்கு விற்காது.

இப்படி ஒரு கேள்வி வந்தால் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? கையை ஏதாவது வேலையில் வையுங்கள். கை வேலை செய்தால் வாய் அவசரப்படாது. "கூட்டிப்போட்டுச் சொல்லுறன்," என்று எழும்பி, வளையத்தைக் கொழுக்கியில் மாட்டி, கிண்ணத்தைத் தூக்கி அதற்குள் இறக்கினேன்.

கிண்ணம் நிற்கவில்லை. வளையம் பெரிது, கிண்ணத்தின் கழுத்துச் சின்னது. கையை எடுத்தால் கீழே விழுந்துவிடும். இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி முழித்துக்கொண்டு நின்றேன்.

"அதுக்கு ஒரு துணி சுத்துறது," என்றார் அன்னலட்சுமி அக்கா. "துணி என்னட்டைக் கிடக்கு." தன் பையிலிருந்து, நாலாக மடித்த நீளமான ஒரு துணிக் கரையை எடுத்தார். பச்சை நூலில் சிவப்புப் புட்டா.

செல்வராணி அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "உது அம்மாவின்ரை சீலைக் கரையெல்லோ!"

அவர்களுடைய தாய், இவர்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே போய்விட்டவர். துணியை வாங்கிக் கிண்ணத்தின் கழுத்தில் சுற்றினேன். முன்பு சுற்றியிருந்த மடிப்பு அப்படியே இருந்தது. மூன்று சுற்று, கடைசி நுனியை உள்ளே சொருகுவதற்கு ஒரு முடிச்சு. கிண்ணம் வளையத்துக்குள் இறங்கி அசையாமல் நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அக்கா, இது ஒரு விளக்கில்லை," என்றேன். "ரெண்டு விளக்கு."

சொல்லத் தொடங்கிய பிறகு ஒன்றையும் மறைக்கவில்லை. வளையமும் தொங்கல்களும் ஓர் இடத்தில் செய்தவை, கையால் தீட்டியவை. அதற்குரிய கிண்ணம் எப்போதோ உடைந்துபோயிருக்க வேண்டும். இந்தச் சிவப்புக் கிண்ணம் வேறொரு விளக்கினுடையது, அச்சில் வார்த்தது. அப்பர் ஏலத்தில் இரண்டு முடமான விளக்குகளைத்தான் எடுத்திருக்கிறார். இரண்டையும் மணம் முடித்து வைத்து ஒரு விளக்காக்கியிருக்கிறார், அம்மாவின் சீலைக் கரையைச் சுற்றி.

"அப்ப என்ரை கிண்ணம் மலிவோ?" என்றார் அன்னலட்சுமி அக்கா. சத்தம் எழும்பவில்லை.

"தனிய எண்டா, ஓம் அக்கா."

என் தொழிலில் நான் சொன்ன சொற்களில் எனக்கு மிகவும் கசந்த சொல் அது. கந்தையா அண்ணை மெல்ல எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். அதுவரை நின்ற அன்னலட்சுமி அக்கா அப்போதுதான் அந்தக் கதிரையில் இருந்தார்.

செல்வராணி அக்காவுக்கு அது வெற்றி. முகத்தில் அது ஒரு கணம் வந்தும் போயிற்று, நான் கண்டேன். பிறகு விளக்கைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். என்னைப் பார்க்காமல், நேராகத் தமக்கையைப் பார்த்து வாய் திறந்தார்.

"அக்கா, நீதானே எடுத்தனீ."

"என்ன?"

"அப்பர் ரெண்டையும் வைச்சு, மூத்தவள் நீ முதலிலை எடு எண்டு சொன்னவர். நீதானே கிண்ணத்தைத் தூக்கினனீ. நான் அழுதனான்."

அன்னலட்சுமி அக்கா யோசித்தார். பிறகு சின்னப் பிள்ளை பிடிபட்டது போல ஒரு முழி முழித்தார். "ஓம். சிவப்பாய் வடிவாய் இருந்தது."

"சிவப்பாய் இருந்ததாம்!" செல்வராணி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் ஏமாந்துபோனனெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன். நீ ஏமாந்துபோனாயெண்டு நீ திரிஞ்சாய். அப்பர் பாவம், அங்கை இருந்து தலையிலை அடிச்சிருப்பார்!"

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இதைத் தனித்தனிய வித்தா?"

"உங்கடை தொங்கல் நல்லாய்ப் போகும். அக்காவின்ரை கிண்ணம் அவ்வளவுக்குப் போகாது."

"சேத்து வித்தா?"

"வாங்கிறவவுக்கு உண்மையைச் சொல்லவேணும். சொன்ன பிறகும் எடுத்தா, அது முழு விளக்கு."

"அப்ப சேத்து வில்லும். வாறதிலை பாதிப் பாதி."

"எனக்கு வேண்டாம்," என்றார் அன்னலட்சுமி அக்கா. "நீ பிச்சை போட்டு நான் கடை திறக்க ஏலாது."

"ஆர் பிச்சை போட்டது? உறுதியிலை பாதிப் பாதி எண்டு கிடக்கு. அப்பர் எழுதினதை மாத்த நீ ஆர்? இது பிச்சையில்லை அக்கா, பங்கு."

அன்னலட்சுமி அக்கா எழும்பி, கிண்ணத்தின் கழுத்தில் இருந்த துணி நுனியை இன்னும் கொஞ்சம் உள்ளே சொருகிவிட்டார். பங்கு என்ற சொல்லை வைத்துக்கொண்டு தீவில் வழக்குப் பேசியவர்கள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு ஒருவர் தன் கையில் இருந்ததை மற்றவரின் கைக்குள் திணித்ததை அன்றுதான் கண்டேன்.

ஆனால் வேலை முடியவில்லை. அம்மையார் எடுக்க வேண்டுமே. தேயிலைப் பெட்டியில் உமி நிரப்பி, அதற்குள் விளக்கைப் புதைத்துக்கொண்டு ரயிலில் கொழும்புக்குப் போனேன். வழி நெடுக ஒரே யோசனை. அவர் பொருளைப் பார்த்து ஆசைப்படும்வரை பொறுத்திருந்து பிறகு சொல்வதா, முதலே சொல்வதா? குறையை நாம் சொன்னால் அது செய்தி. அவர்கள் கண்டுபிடித்தால் அது களவு. பெட்டியைத் திறக்க முதலே, "இது இரண்டு விளக்கு, கிண்ணம் அச்சுக் கிண்ணம்," என்று சொல்லிவிட்டேன். அம்மையாரின் முகம் சுருங்கியது. அப்படியானால் தனக்கு வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார்.

"வந்ததுக்கு ஒருக்கால் தூக்கிக் காட்டட்டோ?" என்று கேட்டேன். தலையசைத்தார்.

விறாந்தையில் மாட்டினேன். மாலை வெயில் சரிந்து உள்ளே வந்தது. தொங்கல்கள் சுவரெல்லாம் நிறத்தைக் கொட்டின, நடுவில் கிண்ணம் தணலாகச் சிவந்தது. அம்மையார் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கீழே இருந்து பார்த்தார். கிண்ணத்தின் கழுத்தில் என்ன துணி என்று கேட்டார். நான் கதையைச் சொன்னேன், கந்தையா அண்ணையின் கடை வரைக்கும். தொழிற்சாலை சேர்த்த விளக்கு தன்னிடம் நிறைய இருக்கிறது, இப்படி ஒரு மனிதன் சேர்த்த விளக்கு இல்லை என்றார். எடுத்துக்கொண்டார். கிண்ணம் நிற்பதற்குத் தன்னிடமிருந்த கம்பளித் துண்டொன்றைச் சுற்றச் சொல்லிவிட்டு, சீலைக் கரையை மடித்து என் கையில் தந்தார். "விளக்குக்குத்தான் விலை பேசினோம். இது விளக்கில் சேராது," என்றார்.

தை பிறந்தது. கடை திறக்கிற அன்று ஊர்காவற்றுறைக்குப் போனேன். சின்ன அறை, புதுப் பலகைத் தட்டுகள், பாதித் தட்டில் புடவைக் கட்டுகள், பாதி வெறுமை. சகோதரிகள் இரண்டு பேரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்து, ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்காமல், ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். கந்தையா அண்ணை மேசைக்குப் பின்னால் கொண்டுவந்து இருத்திய இடத்தில் இருந்தார். வேம்பின் கீழ் இருந்த அதே இருப்பு. அன்னலட்சுமி அக்கா சிரித்துக்கொண்டே என்னை வரவேற்றாலும் கண் மட்டும் அடிக்கடி அவர் பக்கம் போய்ப் போய் வந்தது.

நான் சீலைக் கரையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"நீ வைச்சிரு," என்றார் அன்னலட்சுமி அக்கா.

"இல்லையக்கா, இவ்வளவு காலமும் பாதுகாத்தது நீ. நீ வை."

"உனக்குத்தான் அம்மாவின்ரை முகமே ஞாபகமில்லை. நீ கொண்டுபோ."

"எனக்கு வேண்டாமெண்டா வேண்டாம்!"

குரல்கள் எழும்பத் தொடங்கின. இரண்டு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். "தம்பி, நீர் சொல்லும். ஆருக்கு?"

அந்த வீட்டுத் தீர்ப்பு எனக்கு ஒருமுறை போதும். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. கந்தையா அண்ணை துணியைத் தன் பக்கம் இழுத்து, உள்ளங்கையால் இரண்டு தடவை நீவினார். துணி அளக்கிற கோலை எடுத்து ஓரத்தில் வைத்து அளந்தார். நுனிக்கு நுனி சேர்த்து மடித்து மறுபடியும் அளந்தார். கத்தரிக்கோலால் நடுவில் ஒரு சின்ன வெட்டு, பிறகு இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இழுவை. சர்ரென்று நேராகக் கிழிந்தது. அந்தக் கடையில் கிழிந்த முதல் துணி அது.

அவர் இரண்டு துண்டையும் தனித்தனியாக மடித்து, தனித்தனியாகக் கடதாசியில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, இரண்டு பேருக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார். பிறகு மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி, கடைக்கு வந்த ஆளைக் கேட்பது போலத் தன் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"வேறை என்ன காட்ட?"